எந்த ஊர் என்று கேட்டவர்கள்: பிலோவீலா குடும்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடிப் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன்பே "எந்த ஊரு?" என்று கேட்டுவிடுவோம். நகரத்தார் வீடு என்றால் அடுத்த கேள்வி "எந்தக் கோயில்?". இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்துவிடுவார்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் சமூகப்பணி படிக்கும் பிள்ளைகளுக்குக் களப்பயிற்சி கொடுக்கிறவள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டையூரில் ஓர் ஆச்சி வீட்டு முகப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். எங்கேயாவது உண்மையில் நடந்த ஒரு வழக்கையோ போராட்டத்தையோ எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை என்ன நடந்தது என்று பேசுவோம். இந்த முறை எதை எடுப்பது என்று கேட்டபோது, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த என் மாணவி ஒருத்தி, "பிலோவீலா குடும்பத்தைப் பத்திப் பேசலாமா மேடம்?" என்றாள். ஏன் என்று கேட்டேன். "எங்களை யாரும் எந்த ஊருன்னு கேக்க மாட்டாங்க மேடம். எந்த கேம்ப்புன்னுதான் கேப்பாங்க. அந்தக் குடும்பத்தை ஒரு ஊரே எங்க ஊர்க்காரங்கன்னு சொல்லுச்சு. எப்படின்னு தெரிஞ்சுக்கணும்."

இந்த ஆய்வு அவள் கேட்டதற்காக எழுதியது. அந்தக் குடும்பத்தாரின் பெயர்கள் உலகம் முழுக்கச் செய்திகளில் வந்தவைதான். ஆனாலும் அந்தப் பெண் குழந்தைகள் இப்போது நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்க வேண்டிய வயதில் இருக்கிறார்கள். அதனால் பெயர்களை இங்கே எழுதவில்லை.

ஊரும் குடும்பமும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது பிலோவீலா. ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்குள்ளவர்கள் சுருக்கமாக 'பிலோ' என்பார்கள். நிலக்கரிச் சுரங்கமும் மாட்டுப் பண்ணைகளும் இறைச்சி ஆலையும்தான் பிழைப்பு. அரசியலில் பழமைவாதக் கட்சிகளின் பக்கம் நிற்கும் பகுதி. அகதிகளுக்காகக் கொடி பிடிக்கிற ஊர் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கணவன் 2012இலும் மனைவி 2013இலும் தனித்தனியாகப் படகில் ஆஸ்திரேலியாவுக்கு வந்த இலங்கைத் தமிழர்கள். அங்கேதான் சந்தித்தார்கள், 2014இல் திருமணம் செய்துகொண்டார்கள். பிலோவீலாவில் குடியேறி, கணவன் இறைச்சி ஆலையில் வேலைக்குப் போனார். 2015இலும் 2017இலும் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. ஆஸ்திரேலியாவில் பிறந்தால் மட்டும் குடியுரிமை கிடைத்துவிடாது. படகில் வந்த பெற்றோருக்குப் பிறந்த குழந்தையையும் அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டம் படகில் வந்தவராகவே கணக்கு வைக்கிறது. பிறந்த நாளிலிருந்து கடலையே பார்க்காத குழந்தையாக இருந்தாலும் அப்படித்தான். இதைப் படித்தபோது எங்கள் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

2018 மார்ச் 5, அதிகாலை ஐந்து மணி. அந்தத் தாயின் தற்காலிக விசா முந்தின நாள்தான் முடிந்திருந்தது. எல்லைப் படை அதிகாரிகளும் போலீசாரும் கதவைத் தட்டினார்கள். மூட்டை கட்டக் கொடுத்தது சில நிமிடங்கள். மூத்தவளுக்கு மூன்று வயது நிறையவில்லை, இளையவளுக்கு ஒன்பது மாதம். அன்றே நால்வரையும் விமானத்தில் ஏற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இருக்கும் மெல்பேர்ன் தடுப்பு மையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இதைக் கேட்ட ஆச்சிக்கு 1964 ஞாபகம் வந்துவிட்டது. அவர் பிறந்தது பர்மாவில். நெ வின் ஆட்சியில் சொத்துகளெல்லாம் நாட்டுடைமையாகி இந்தியர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறிய காலத்தில் சிறு பிள்ளையாக இங்கே வந்தவர். "துறைமுகத்துல எங்க அம்மா கை வளையலைக் கழட்டச் சொன்னாங்க. வளையல் போனது எனக்குப் பெரிசாத் தெரியல. என் பொம்மையை எடுக்க நேரம் கொடுக்கலையே, அதுதான் இன்னைக்கு வரைக்கும்..." என்று நிறுத்திக்கொண்டார். செட்டிநாட்டில் பாதி வீடுகளில் இப்படி ஒரு கப்பல் கதை இருக்கிறது. இந்தப் பக்கத்து மாளிகைகளுக்குத் தேக்கு மட்டுமா பர்மாவிலிருந்து வந்தது? விரட்டப்பட்ட மனிதர்களும் அங்கிருந்துதான் வந்து சேர்ந்தார்கள்.

சட்டத்தில் இருந்த ஒரே கதவு

போராட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கணவன், மனைவி இருவரின் அகதிக் கோரிக்கைகளும் நிராகரிக்கப்பட்டிருந்தன. மேல்முறையீடுகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. 2019 மே மாதம் ஆஸ்திரேலியாவின் உயர்ந்த நீதிமன்றமும் அனுமதி மறுத்துவிட்டது.

அப்புறம் மிச்சம் இருந்தது அமைச்சரின் தனிப்பட்ட அதிகாரம். குடியேற்றச் சட்டத்தின் 195ஏ பிரிவின்படி, தடுப்புக் காவலில் இருக்கும் எவருக்கும் பொதுநலன் கருதி அமைச்சர் விசா கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் அவருக்கு உத்தரவிட முடியாது. யோசித்துப் பார்த்துவிட்டு மறுத்தாலும் சரி, யோசிக்கவே மறுத்தாலும் சரி, கேட்க ஆளில்லை.

ஆக, ஒரு மனிதரின் மனம் மாற வேண்டும், அல்லது அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார வேண்டும். அதுவரை குடும்பம் நாட்டைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும். வழக்கறிஞர்களின் வேலை நாளைக் கடத்துவது. ஊர்க்காரர்களின் வேலை அந்த நாள்களுக்குள் அமைச்சரை நெருக்குவது. ஒன்று இல்லாமல் மற்றொன்று பலித்திருக்காது. நீதிமன்றத்தில் தோற்றதும் 'எல்லாம் முடிந்தது' என்று நம்மில் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறோம். பிலோவீலாக்காரர்கள் போகவில்லை.

ஊர் செய்தது

முதலில் களத்தில் இறங்கியது ஒரு சில பெண்கள். அதில் ஒருவர் உள்ளூர்ச் சமூகப் பணியாளர். குடும்பத்தைக் கொண்டுபோன சில நாள்களுக்குள் இணையத்தில் ஒரு கோரிக்கை மனுவைத் தொடங்கினார்கள். 'ஹோம் டு பிலோ', அதாவது பிலோவுக்கு வீடு திரும்பட்டும், என்று போராட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். ஊர்ப் பெயருக்குக் காரணமான வெள்ளைக் காக்கட்டூ பறவையை அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். மனுவில் கையெழுத்திட்டவர்கள் கடைசியில் ஐந்து லட்சத்தையும் தாண்டினார்கள்.

அந்தப் பெயரில் 'அகதி' இல்லை, 'உரிமை' இல்லை, 'நீதி'யும் இல்லை. வீடும் ஊரும்தான் இருந்தன. கணவன் எங்களோடு ஆலையில் வேலை பார்த்தவர், தொண்டு நிறுவனக் கடையில் சம்பளமில்லாமல் உதவியவர். மனைவி சமைத்த கறியைச் சாப்பிட்டிருக்கிறோம். பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். எங்கள் ஊரில் நான்கு பேர் குறைகிறார்கள், கொண்டுவந்து விடுங்கள். அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இவ்வளவுதான்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி அண்ணன் இதற்கு ஒரு சொல் கொடுத்தார். நகரத்தாரில் கல்யாணமான தம்பதியைக் கோயிலில் ஒரு 'புள்ளி'யாகச் சேர்ப்பார்கள். கோயிலுக்கு எத்தனை புள்ளி என்று கணக்கு இருக்கும். வரி போடுவதும் மரியாதை செய்வதும் அந்தக் கணக்கின்படிதான். புள்ளி எங்கே போய்ப் பிழைத்தாலும், பினாங்கானாலும் ரங்கூனானாலும், கணக்கில் இருக்கும். "பிலோவீலாக்காரங்க அந்தக் குடும்பத்தைப் புள்ளியில சேர்த்துட்டாங்க. சேர்த்த பிறகு விட மாட்டாங்கல்ல" என்றார். இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

ஊர் மட்டும் தனியாக நின்றதாகவும் எழுதிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் தமிழ் அகதிகள் கவுன்சில் முதலிலிருந்தே உடன் இருந்தது. இலங்கையில் திரும்பிப் போகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று விடாமல் பேசியவர்கள் அவர்கள். பெரிய நகரங்களில் மெழுகுவத்தி ஏந்தி நின்றவர்கள் இருந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் தொலைபேசியில் பேசினார்கள். ஆனால் எதிர்த்தரப்பால் எளிதில் தள்ள முடியாத குரல் ஊரின் குரலாக இருந்தது. நகரத்துப் போராட்டக்காரர்கள் என்று ஒதுக்க அரசியல்வாதிகளுக்குச் சொல் இருக்கிறது. தங்களுக்கே ஓட்டுப் போடும் ஊரை அப்படி ஒதுக்க முடியவில்லை. தேசியக் கட்சியின் பார்னபி ஜாய்ஸ்கூட, அந்தப் பிள்ளைகளின் பெயர் ஜேன், சாலி என்று இருந்திருந்தால் வேறொரு நாட்டுக்கு அனுப்புவதற்கு இரண்டு முறை யோசித்திருப்போம் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். ஆளும் கூட்டணியின் உள்ளிருந்தே வந்த பேச்சு அது.

அரசின் பதில் கடைசிவரை ஒன்றாகவே இருந்தது. ஒரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தால் ஆள்கடத்தும் படகுக்காரர்களுக்குத் தைரியம் வந்துவிடும், கடலில் மறுபடி சாவு விழும் என்றார்கள். கடலில் பலர் செத்தது உண்மை. ஆனால் யாரோ ஒரு படகுக்காரனுக்குப் பாடம் சொல்வதற்காக இரண்டு குழந்தைகளைப் பூட்டி வைப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 29 இரவு

2019 ஆகஸ்ட் 29 இரவு, மெல்பேர்னில் குடும்பத்தைத் தனி விமானத்தில் ஏற்றினார்கள். செய்தி கசிந்து போராட்டக்காரர்கள் விமான நிலையத்துக்கு ஓடினார்கள். விமானம் கிளம்பிவிட்டது. அதே நேரத்தில் வழக்கறிஞர்கள் ஒரு நீதிபதியைத் தொலைபேசியில் பிடித்தார்கள். இளையவளின் பெயரில் இடைக்காலத் தடை கிடைத்தது. இலங்கை நோக்கிப் போன விமானம் நள்ளிரவுக்குப் பிறகு டார்வினில் இறங்கியது. குடும்பத்தை இறக்கினார்கள்.

இரண்டு வயதுக் குழந்தையின் பெயரில் ஏன்? மற்ற மூவரின் கோரிக்கைகளும் முடிந்துபோயிருந்தன. இளையவளின் கோரிக்கையை மட்டும் யாரும் தனியாக, முழுமையாகப் பார்க்கவில்லை. நான்கு பேரும் நாட்டுக்குள் இருந்ததற்குச் சட்டப்படி மிச்சமிருந்த ஒரே பிடி அந்தக் குழந்தைதான். 2020 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம், அவளுக்கு நடைமுறை நியாயம் வழங்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குச் செலவாக அரசு இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2021 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. ஆனால் அது விசா கொடுக்கும் தீர்ப்பு இல்லை. அவளை முறையாகக் கேட்காமல் அனுப்ப முடியாது, அவ்வளவே.

தடை கிடைத்தவுடன் அவர்களை வீட்டுக்கு விடவில்லை. பெர்த்திலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தள்ளி, ஜாவாவுக்குத் தெற்கே இருக்கும் கிறிஸ்துமஸ் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த தடுப்பு மையத்தில் நீண்ட காலம் இந்த நால்வர் மட்டுமே அடைபட்டிருந்தார்கள். காவலுக்கு ஆள்கள், வேலி, கேமரா, நடுவில் இரண்டு சின்னப் பெண்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடம் இப்படிப் போனது.

2021 ஜூன் மாதம் இளையவளுக்குக் காய்ச்சல் வந்து நாள்கணக்காக இறங்கவில்லை. சரியான சிகிச்சை கேட்டுக் கெஞ்சியும் தாமதமானது என்று தாய் சொன்னார். கடைசியில் நிமோனியாவோடும் இரத்தத்தில் தொற்றோடும் பெர்த்துக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். நான்காவது பிறந்தநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்தது. படுக்கையில் அக்காவும் தங்கையும் ஒட்டிப் படுத்திருக்கும் படம் வெளிவந்தபோது நாடே கொந்தளித்தது. ஜூன் 15 அன்று அமைச்சர், குடும்பம் பெர்த்தில் சமூகக் காவலில், அதாவது தடுப்பு மையத்துக்கு வெளியே ஒரு வீட்டில் கட்டுப்பாடுகளோடு, இருக்கலாம் என்றார். பிறகு மூன்று பேருக்குத் தற்காலிக விசா கொடுத்து இளையவளுக்கு மட்டும் கொடுக்காமல் வைத்தார்கள். நான்கு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு மூன்று பேர் எங்கே போவார்கள்?

2022 மே 21 தேர்தலில் ஆட்சி மாறியது. குடும்பத்தை பிலோவீலாவுக்குத் திருப்பி அனுப்புவதாக லேபர் கட்சி முன்பே வாக்குக் கொடுத்திருந்தது. மே 27 அன்று இடைக்கால அமைச்சர் ஜிம் சால்மர்ஸ் நால்வருக்கும் விசா கொடுத்தார். 195ஏ பிரிவில் இருந்தது அதே அதிகாரம், அதே எழுத்து. நாற்காலியில் இருந்த ஆள்தான் வேறு. ஜூன் 10 அன்று குடும்பம் பிலோவீலா வந்து சேர்ந்தது. ஊரைவிட்டுக் கொண்டுபோய் 1,558 நாள்கள் ஆகியிருந்தன. இரண்டு நாள் கழித்து இளையவளுக்கு ஐந்து வயது. காவலுக்கு வெளியே அவள் கொண்டாடிய முதல் பிறந்தநாள் அது. ஆகஸ்டில் நிரந்தர விசாவும் வந்தது.

எங்களை உறுத்தியவை

பேச்சு இங்கே முடிந்திருந்தால் நல்ல கதையாகப் போயிருக்கும். என் மாணவிதான் கேட்டாள்: "பிள்ளைகள் இல்லாம, முப்பத்தஞ்சு வயசு ஆம்பளை ஒருத்தர் மட்டும் இருந்திருந்தா இந்த ஊர் கேட்டிருக்குமா மேடம்?"

என்னிடம் பதில் இல்லை. அந்தப் படங்கள் வேலை செய்தன என்பது தெரியும். தாயே பேசி, தாயே படங்களைக் கொடுத்து, எதைச் சொல்வது என்று முடிவு செய்ததால் அதில் தவறு காண மாட்டேன். குழந்தை முகம்தான் சீட்டு என்றால், அந்தச் சீட்டு இல்லாதவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். 2023இல் ஆஸ்திரேலிய அரசு தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வழியைத் திறந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் அதில் வரவில்லை. அந்த வருடமே 22 அகதிப் பெண்கள் மெல்பேர்னிலிருந்து கான்பெராவுக்கு 600 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தே போனார்கள். அதில் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். 2024 ஆகஸ்டில், பன்னிரண்டு வயதில் படகில் வந்து பத்து வருடத்துக்கும் மேல் விடை தெரியாமல் காத்திருந்த 23 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கும் நண்பர்கள் இருந்தார்கள். ஊர் என்று சொல்லிக் கேட்க ஓர் இடம் வாய்க்கவில்லை.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவைப் பற்றி இவ்வளவு பேசிய நாங்கள் உட்கார்ந்திருந்தது தமிழ்நாட்டில். 2021 கணக்கில் இங்கே 108 முகாம்களில் 58,822 பேர். அந்த ஆண்டு மாநில அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, வீடுகள் கட்ட நிதி ஒதுக்கியது. வீடுகள் வந்தன, நல்லது. குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது பயண ஆவணம் இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. பயம் கொஞ்சம் குறைந்தது. என் மாணவி பிறந்தது சிவகங்கை மாவட்டத்தில், படித்தது காரைக்குடியில். ஆனாலும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது.

இங்கே நாங்கள் செய்யக்கூடியது என்ன என்று பேச்சு திரும்பியது. மனு எழுதலாம் என்றார் ஒருவர். வங்கி அண்ணன் முகாம் குடும்பங்களில் பலர் மலையகத்துக்காரர்கள் என்று நினைவுபடுத்தினார். இதே இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள். 1948இல் இலங்கை அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அந்தக் கணக்கில் வந்தவர்கள் குடிமக்கள் ஆனார்கள். கணக்கு முடியாமல் அங்கே மாட்டிக்கொண்டு, 1983க்குப் பிறகு படகில் வந்தவர்கள் அகதிகள் ஆனார்கள். இப்படிப்பட்ட சிலரின் வழக்கில் 2019இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கட்டும், மத்திய அரசு பரிசீலிக்கட்டும் என்று சொன்னது. பூர்வீகத்தைக் காட்ட ஒரு தாள் இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும்.

மாணவி அடுத்த ஞாயிறு ஒரு தாளோடு வந்தாள். அவள் அப்பத்தாவின் அப்பா, தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிய பதிவின் நகல். பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து, முப்பது வருடத்துக்கும் மேல் முகாம் கூரையில் செருகி வைத்திருந்தது. இராமநாதபுரம் ஜில்லா, திருப்பத்தூர் தாலுகா என்பது தெளிவாக இருக்கிறது. ஊர்ப் பெயர் இருக்கும் இடத்தில் மடிப்பு விழுந்து கிழிந்து, கடைசியில் 'பட்டி' மட்டும் மிச்சம்.

ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நம்ம பக்கம் எத்தனையோ பட்டி இருக்கு ஆத்தா. அப்பத்தா சொன்ன சாமி பேரு என்ன, கண்மாய் பேரு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா, கேட்டுட்டு வா" என்றார். வங்கி அண்ணன் அந்தத் தாலுகாவில் பட்டி என்று முடியும் ஊர்களை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறார். இதுவரை முப்பத்தொன்று ஆகியிருக்கிறது. வரும் ஞாயிறு முதல் நான்கு ஊர்களுக்குப் போகிறோம்.